வாசகர் வினா விடை: பழைய மடல்களிலிருந்து செய்தியோடை

வினா: எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு 2003ஆம் ஆண்டிலிருந்து ஒரு மின்னஞ்சல் குழு உண்டு. ஊரில் இருப்போரும் புலம்பெயர்ந்தோரும் எழுதிய மடல்கள் அனைத்தும், ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைக்கும் எம்பொக்ஸ் வடிவத்தில் ஒரே கோப்பாகச் சேமிக்கப்பட்டுள்ளன. குழுவில் சேராதவர்களும் இவற்றை வாசிக்கும்படி செய்தியோடை ஒன்றை அமைக்க விரும்புகிறோம். எதிலிருந்து தொடங்க வேண்டும்? (கரவெட்டி வாசகர்)

விடை: செய்தியோடை என்பது அண்மைய பதிவுகளைப் பட்டியலிடும் ஒரு கோப்பு. வாசிப்பான் என்ற செயலி அதை அவ்வப்போது பார்த்துப் புதியவற்றை வாசகருக்குக் காட்டும். மடல்களை ஓடையாக்கும் நிரலை எழுதுவது கடினமன்று. பைதன் என்ற நிரல் மொழியில் எம்பொக்ஸ் கோப்பைத் திறந்து மடல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கும் கருவி மொழியுடனேயே வருகிறது. ஓடையின் வடிவத்தைத் தேர்வதிலும், ஒவ்வொரு மடலுக்கும் சரியான அடையாளத்தையும் நேரத்தையும் கொடுப்பதிலுமே கவனம் முழுவதும் இருக்க வேண்டும்.

ஓடைக்கு ஆர்எஸ்எஸ், அட்டம் என்று இரு வடிவங்கள் உள்ளன. ஆர்எஸ்எஸ் 1999இல் நெற்ஸ்கேப் நிறுவனத்திலிருந்து வந்தது. அட்டம் 2005 டிசம்பரில் நியமமாக வெளியிடப்பட்டது. உங்களுக்கு நான் பரிந்துரைப்பது அட்டம். ஆர்எஸ்எஸ் 2.0 பதிவொன்றில் தலைப்பு அல்லது விவரம், இரண்டில் ஒன்று இருந்தாலே போதும். அட்டமோ ஒவ்வொரு பதிவுக்கும் நிலையான அடையாளம், தலைப்பு, புதுப்பித்த நேரம் ஆகிய மூன்றையும் கட்டாயமாகக் கேட்கிறது. இருபது ஆண்டு மடல்களைக் கையாளும்போது அந்தக் கண்டிப்பு உங்களுக்குத் துணையாகவே இருக்கும்.

அடையாளத்துக்கு மடலின் தலைப்பகுதியில் உள்ள, மடலுக்கு மடல் வேறுபடும் மெசேஜ் ஐடி என்ற குறியையே பயன்படுத்துங்கள். கோப்பில் மடல் எத்தனையாவதாக இருக்கிறது என்ற எண்ணை ஒருபோதும் அடையாளமாக வைக்காதீர்கள். யாரோ ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக ஒரு பழைய மடலை நீக்கிவிட்டு ஓடையை மறுபடி உருவாக்கினால், அதற்குப் பிந்திய எண்கள் எல்லாம் மாறி, வாசிப்பான்கள் பழைய மடல்களைப் புதியவை என்று கொண்டுவந்து குவித்துவிடும்.

நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. இலங்கையின் நேரம் இன்று உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே உள்ளது. ஆனால் 1996 மே மாதத்தில் மின்சாரத்தைச் சேமிப்பதற்காக நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் குறைத்து, ஆறு மணித்தியால முன்நேரமாக வைத்தார்கள். 2006 ஏப்ரல் 15ஆம் திகதிதான் ஐந்தரைக்குத் திரும்பினார்கள். ஆகவே, உங்கள் காப்பகத்தின் முதல் மூன்று ஆண்டுகளில் இங்கிருந்து அனுப்பப்பட்ட மடல்களில் ஆறு மணித்தியாலக் குறிப்பு இருப்பது பிழையன்று. நிரல் அந்தக் குறிப்பைப் படித்தே நேரத்தைக் கணக்கிட வேண்டும். எல்லா மடல்களுக்கும் ஐந்தரை என்று எழுதி வைத்தால், இங்கிருந்து எழுதிய கேள்வி அரை மணித்தியாலம் பிந்தி எழுதப்பட்டதாகி, ரொறன்ரோவிலிருந்து பத்து நிமிடத்தில் வந்த பதில் அதற்கு முன்பே எழுதப்பட்டதாகத் தோன்றும். அனுப்பியவரின் கணினிக் கடிகாரமே தவறாக இருந்து 1970 என்று திகதியிட்ட மடல்களும் கிடைக்கலாம். அவற்றுக்கு, மடலைப் பெற்ற வழங்கி (அஞ்சல் சேவையின் கணினி) தலைப்பகுதியின் உச்சியில் எழுதிய நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

மடலுக்கு ஒரு பதிவா, உரையாடலுக்கு ஒரு பதிவா என்பதையும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். ஊர்க்குழுக்களில் மரண அறிவித்தல் ஒன்று வந்தால் அதன் பின்னே நாற்பது அனுதாப மடல்கள் வரும். அவை ஒவ்வொன்றும் தனிப் பதிவானால், அன்றைய தினம் வந்த கிணறு இறைப்புச் செய்தியோ கூட்ட அறிவித்தலோ யார் கண்ணிலும் படாமல் போய்விடும். எனவே, பதில் மடல்களில் உள்ள இன் ரிப்ளை டு, ரெஃபரன்சஸ் வரிகள் எந்த மடலுக்கான பதில் என்பதைச் சொல்லும்; அவற்றைக் கொண்டு ஓர் உரையாடலின் மடல்களை ஓர் இழையாகக் கோத்து, இழைக்கு ஒரு பதிவு என வையுங்கள். முக்கியமென்று வெளியிடுவோர் கருதும் மாற்றத்துக்கு மட்டும் புதுப்பித்த நேரத்தை மாற்றலாம் என்று அட்ட நியமமே இடம் கொடுக்கிறது. ஆகவே அனுதாப மடல் ஒன்று இழையில் சேரும்போதெல்லாம் அந்த நேரத்தை மாற்ற வேண்டியதில்லை.

வினா: மேற்படி பணியைத் தொடங்கிப் பார்த்தேன். 2003, 2004ஆம் ஆண்டு மடல்கள் பல வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. அவற்றை விட்டுவிடலாமா? (அதே வாசகர்)

விடை: தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அவை பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் எழுதப்பட்டவை. பாமினியில் ‘அம்மா’ என்று தட்டினால் கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற குறிகளே. எழுத்துரு இல்லாத கணினியில் அவை அப்படியே தெரியும். அக்காலத்து வேறு சில மடல்கள் தஸ்கி என்ற எட்டு பிட்டுக் குறியீட்டில் இருக்கலாம். இரண்டையும், இன்றைய கணினிகளின் பொதுக் குறியீடான ஒருங்குறிக்கு மாற்ற முடியும். ஆனால் ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்தாக மாற்றினால் பிழைக்கும். ‘கொ’ என்பது இவ்விரண்டிலும் ஒற்றைக்கொம்பு, ககரம், அரவு என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். ஒருங்குறியிலோ ககரம் முதலில் வந்து ஒகரக்குறி பின்னே வரும். ஆகையால் நீண்ட சேர்க்கைகளை முதலில் மாற்றிவிட்டுத் தனிக்குறிகளுக்குப் பின்னர் வர வேண்டும்.

பாமினி மடல்களில் இன்னொரு சிக்கல், இடையில் ஆங்கிலத்திலேயே எழுதிய பெயர்களும் முகவரிகளும் மாற்றத்தில் சிதைந்துவிடுவதாகும். எச்ரிஎம்எல் மடலாயின் எழுத்துருவின் பெயர் உள்ளே குறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பகுதியை மட்டும் மாற்றலாம். வெற்று உரை மடல்களை ஒருவர் உட்கார்ந்து வாசித்தே ஆக வேண்டும். ஊரையும் ஆட்களையும் அறிந்த மூத்தவர் ஒருவர் அருகில் இருந்தால், எந்தச் சொல் ஒருவருடைய பெயர், எது குறிச்சியின் பெயர் என்பது உடனே தெளிவாகும். மாற்றிய பிறகும் மூலக் கோப்பைத் தொடாமல் பத்திரப்படுத்துங்கள். பழுதான ஒரு பைட்டு எஞ்சியிருந்தாலும், ஓடை எழுதப்படும் குறிமொழியான எக்ஸ்எம்எல்லின் விதிப்படி ஓடை முழுவதுமே வாசிக்கப்படாமல் போகலாம் என்பதால், வெளியிடுமுன் சரிபார்ப்புக் கருவி ஒன்றில் இட்டுப் பாருங்கள்.

வினா: இருபது ஆண்டு மடல்களையும் ஒரே ஓடையில் இடலாமா? (கொக்குவில் வாசகி)

விடை: வேண்டாம். ஓடையில் அண்மைய இருபது இழைகள் போதும். பழையவற்றை ஆண்டுவாரியாகத் தனித்தனிக் கோப்புகளாக்கி ஒன்றிலிருந்து முந்தியதற்கு இணைப்புக் கொடுக்கும் முறை 2007இல் நியமமாக வெளிவந்துள்ளது.

ஆனால் அந்தப் பழைய கோப்புகளைப் பொதுவில் வைப்பதற்கு முன் மடல் எழுதியவர்களிடம் கேட்க வேண்டும். அவர்கள் எழுதியது தங்களுக்குத் தெரிந்த அறுபது எழுபது பேருக்கு. வங்கிக் கணக்கு எண், யார் எவ்வளவு உதவினார் என்ற விவரம், போர்க்காலத்தில் யார் எங்கே இடம்பெயர்ந்திருந்தார் என்ற செய்தி எல்லாம் அவற்றில் இருக்கும். மின்னஞ்சல் முகவரிகளையும் தொலைபேசி எண்களையும் நிரலே நீக்கிவிடலாம். மற்றவற்றை நிரல் அறியாது. சம்மதம் கிடைத்த மடல்களை மட்டும் ஓடையில் விடுங்கள். எழுதியவர் காலமாகியிருந்தால் பிள்ளைகளிடம் கேளுங்கள். பதில் வராதவர்களின் மடல்கள் சனசமூக நிலையத்துக் கணினியில், நேரில் வந்து கேட்போர் வாசிக்கும்படி இருக்கட்டும்.