பாஸ் இல்லாத கம்பெனி: 14 பேர் உள்ள இடத்தில் நடக்குமா?

கேள்வி: மலேசியாவில், பினாங்கின் ஜார்ஜ்டவுனில் அச்சு, வடிவமைப்பு வேலை செய்யும் சின்ன நிறுவனம். மொத்தம் 14 பேர். மேனேஜர் வேலையை விட்டுப் போகிறார். "இனி மேனேஜரே வேண்டாம், அவரவர் வேலையை அவரவரே பார்த்துக்கொள்வோம்" என்கிறார் முதலாளி. இதனால் ஊழியருக்கு உண்மையிலேயே சுதந்திரம் கிடைக்குமா?

கிடைக்கும், எழுதி வைத்தால். மேனேஜர் போனாலும் மேனேஜர் பார்த்த வேலை போகாது. அது யாருடையது என்று எழுதாத இடத்தில், அதிக வருடம் இருந்தவரோ அதட்டிப் பேசுபவரோ அதை எடுத்துக்கொள்வார். நம் ஆபீஸ்களில் அவரை "அண்ணே" என்போம். பதவியும் இல்லை, கையெழுத்தும் இல்லை. ஆனாலும் லீவு வேண்டுமானால் "அண்ணேகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு" என்பார்கள். பாஸ் மீது புகார் சொல்ல ஓர் இடமாவது உண்டு. அண்ணே மீது எங்கே போய்ச் சொல்வது?

ஆகவே மேனேஜர் கிளம்புவதற்கு முன் இரண்டு வாரம், அவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். லீவுக்குச் சரி சொல்வது, கோட்டேஷனில் தள்ளுபடி, தாள் ஆர்டர், அவசர வேலையை முன்னே தள்ளுவது, கோபமான வாடிக்கையாளரிடம் பேசுவது, புது ஆளை நேர்காண்பது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு பெயர் வர வேண்டும். "எல்லாரும்" என்று எழுதிய வரிக்கு ஆள் இல்லை என்று அர்த்தம்.

கலிபோர்னியாவின் தக்காளி பதப்படுத்தும் நிறுவனமான மார்னிங் ஸ்டாரில், ஒவ்வொருவரும் தம் வேலையால் பாதிக்கப்படும் சகாக்களோடு பேசி ஓர் ஒப்புதல் கடிதம் எழுதுகிறார்கள். நான் எதற்குப் பொறுப்பு, எதை அளந்து பார்ப்பீர்கள், எதை நானே முடிவு செய்யலாம் என்பது அதில் இருக்கும். வருடா வருடம் மறுபடி பேசி எழுதுகிறார்கள். உங்களுக்கு ஆளுக்கு ஒரு பக்கம் போதும். இரண்டு பக்கம் தாண்டினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

பணம் தொடும் முடிவுகளுக்கு எல்லை வையுங்கள். உங்கள் அளவுக்கு, 300 ரிங்கிட் வரை யாரையும் கேட்க வேண்டாம். 300 முதல் 3,000 வரை ஆலோசனை கேட்டே ஆக வேண்டும்: முடிவால் பாதிக்கப்படும் ஒருவரையும், அந்த விஷயம் தெரிந்த ஒருவரையும். பழைய பிரிண்டரை மாற்றுவதென்றால் அதை ஓட்டுபவரும் கணக்குப் பார்ப்பவரும். கேட்பது கட்டாயம், அவர்கள் சொன்னபடி செய்வது கட்டாயமில்லை. மின்சார நிறுவனமான ஏஇஎஸ்ஸில் அதன் தலைவராக இருந்த டென்னிஸ் பாக்கி பரப்பிய முறை இது. பெரும்பாலும் இது கெட்டுப்போவது ஒரே இடத்தில்தான்: முடிவு செய்துவிட்டு, பிறகு பேருக்குக் கேட்பார்கள். அதனால் யாரைக் கேட்டேன், என்ன சொன்னார் என்று வாங்குவதற்கு முன்பே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுக் கட்டைவிரல் வாங்குவது ஆலோசனை ஆகாது.

3,000க்கு மேல் எழுத்தில் வைத்து மூன்று வேலை நாள் விடுங்கள், பிறகு கூட்டம். அங்கே எல்லாரும் "ஆமாம்" சொல்லக் காத்திருந்தால் வருடம் போய்விடும். "இது நிறுவனத்துக்கு இன்ன கெடுதல் செய்யும்" என்று காரணத்தோடு தடை சொல்பவர் இல்லையென்றால் முடிவு நிறைவேறும். "எனக்குப் பிடிக்கவில்லை" காரணமாகாது. வட்டமாக உட்கார்ந்து, வயதில் சின்னவரிலிருந்து பேசச் சொல்லுங்கள். மேலே இருப்பவரின் அதிகாரத்தை மக்கள் எவ்வளவு கேள்வியில்லாமல் ஏற்கிறார்கள் என்று நாடு நாடாக அளந்த ஆய்வாளர் ஹாஃப்ஸ்டெட்டின் அதிகார இடைவெளிக் கணக்கில் மலேசியா உச்சத்தில் நிற்கும் நாடு. பெரியவர் முதலில் வாயைத் திறந்தால் மீதிப்பேர் தலையாட்டுவார்கள், கூட்டம் முடிந்த பிறகு மாமாக் (தேநீர், சாப்பாட்டுக்) கடையில்தான் உண்மைக் கருத்து வெளிவரும்.

அளவும் முக்கியம். நெதர்லாந்தின் பூர்ட்ஸோர்க் தாதிமை நிறுவனத்தில் ஒரு குழுவுக்கு அதிகபட்சம் 12 பேர். பயிற்சியாளர்கள் உண்டு, ஆனால் உத்தரவிடும் அதிகாரம் கிடையாது. நீங்கள் 14 பேர், அச்சு ஒரு குழு, வடிவமைப்பு ஒரு குழு என்று பிரித்துவிடுங்கள். இந்த முறை எல்லாருக்கும் பிடிக்கும் என்றும் நினைக்காதீர்கள். மேனேஜர் இல்லாமல் வட்டங்களாக வேலையைப் பிரிக்கும் ஹோலக்ரசி முறைக்கு மாறிய ஸாப்போஸ் என்ற இணையச் செருப்புக் கடை 2015இல் பணம் கொடுத்து வெளியேற வழிவிட்டபோது 18 விழுக்காட்டினர் கிளம்பினார்கள்.

இனி சட்டம். உற்சாகத்தில் பலரும் மறப்பது இதைத்தான். நிறுவனச் சட்டம் 2016இன்படி தனியார் நிறுவனத்துக்கு மலேசியாவில் வசிக்கும் இயக்குநர் ஒருவராவது வேண்டும். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பாக்கி விழுந்தால் இயக்குநரிடம் தனிப்பட்ட முறையிலும் வசூலிக்கலாம். அந்தச் சந்தாவை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், "குழு முடிவு செய்யவில்லை" என்ற பதில் அங்கே எடுபடாது. ஆகவே இயக்குநர் தடுக்கக்கூடிய விஷயங்களைத் தனித் தாளில் எழுதுங்கள்: வரி, சம்பளம் கட்டும் நாள், சட்டக் கடமைகள். அந்தத் தாளில் இல்லாததை அவர் தடுக்கக் கூடாது. முதலாளி இதற்குக் கையெழுத்துப் போடத் தயங்கினால், அவர் மேனேஜர் சம்பளத்தைத்தான் மிச்சப்படுத்தப் பார்க்கிறார்.

ஆளை நீக்குவதை வாக்கெடுப்பில் விடாதீர்கள். தவறான நடத்தைக்காக நீக்க வேலைவாய்ப்புச் சட்டம் 1955இன் 14ஆம் பிரிவு முறையான விசாரணை கேட்கிறது. நியாயமில்லாமல் நீக்கப்பட்டதாக நினைப்பவர் தொழிலுறவுச் சட்டம் 1967இன் 20ஆம் பிரிவின்கீழ் 60 நாளுக்குள் முறையிடலாம். சகாக்கள் 13 பேர் கை தூக்கியது விசாரணை ஆகாது. அதற்கு முன் படிகள் வேண்டும்: இருவர் நேரில் பேசுவது, பிறகு இருவரும் ஒப்புக்கொண்ட நடுவர், பிறகு மூவர் குழு.

வேலை நேரமும் அப்படித்தான். 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வரம்பு. மாதம் 4,000 ரிங்கிட் வரை வாங்குபவர் அதற்கு மேல் வேலை செய்தால், "அவராகத்தான் இருந்தார்" என்று சொல்லி ஓவர்டைமைத் தட்டிக்கழிக்கப் பார்க்காதீர்கள். சாதாரண நாளில் அது ஒன்றரை மடங்கு. "வீட்டுக்குப் போ" என்று சொல்ல ஆள் இல்லாத இடத்தில் நல்ல ஊழியர்தான் முதலில் களைத்துப்போவார், எனவே மணிக்கணக்கைக் குறிப்பதும் ஒருவர் பெயரில் இருக்கட்டும்.

இடையில் ஒன்று. தோட்டத் தொழிலாளர்கள் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை, பாஸ் இல்லாத நிர்வாகத்துக்கு உதாரணம் காட்டுவார்கள். அது தோட்டத்தின் உடைமை யாருக்கு என்பதற்கான பதில். அன்றாட முடிவை யார் எடுப்பது என்பது வேறு கேள்வி, இரண்டையும் கலக்க வேண்டாம்.

சம்பளத்தைக் கடைசியில் தொடுங்கள், முதல் ஒன்பது மாதம் வேண்டவே வேண்டாம். மார்னிங் ஸ்டாரில் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு அதைப் பார்க்கிறது. உங்களுக்கு மூன்று பேர், ஒரு வருடம், அடுத்த வருடம் அதே ஆள் கூடாது. மொத்த உயர்வுத் தொகையை முதலில் கணக்காளரும் இயக்குநரும் முடிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் குழு அடுத்தவன் பணத்தில் தாராளம் காட்டும். உயர்வு கேட்பவர் ஒரு பக்கம் எழுதட்டும், அவரோடு வேலை செய்யும் இருவர் தனித்தனியாக எழுதட்டும். தனித்தனிச் சம்பளத்தை உடனே வெளியிடாதீர்கள். ஒரே வேலை பார்க்கும் இருவருக்கு 600 ரிங்கிட் வித்தியாசம் இருந்து, அதற்குக் காரணம் சொல்ல முடியவில்லை என்றால், அதைச் சரிசெய்த பிறகு பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள்.