மோட்ஃப்ளோ நிலத்தடி நீரை எப்படிக் கணக்கிடுகிறது?

கேள்வி: கண்ணுக்கே தெரியாத தண்ணீர் எந்தப் பக்கம், எவ்வளவு ஓடும் என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்?

அதற்கு எதுவும் தெரியாது, நாம் கொடுப்பதுதான். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1984-ல் வெளியிட்ட மோட்ஃப்ளோ என்ற நிலத்தடி நீர் மென்பொருளின் அடியில் இருப்பது டார்சி விதி. பிரான்சின் டிஜோன் நகரில் ஹென்றி டார்சி மணல் நிரப்பிய குழாயில் தண்ணீரை விட்டுப் பார்த்து 1856-ல் வெளியிட்டது. நீர்மட்ட வித்தியாசம் கூடினால் ஓட்டம் கூடும், தூரம் கூடினால் குறையும், அவ்வளவுதான்.

மோட்ஃப்ளோ நிலத்தைக் கட்டம் கட்டமாக வெட்டிக்கொள்கிறது. 100 மீட்டர் அகலம், 20 மீட்டர் தடிமன் உள்ள இரண்டு கட்டங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன, நடுப்புள்ளிகளுக்கு இடையே 100 மீட்டர், ஒன்றில் நீர்மட்டம் 12 மீட்டர், மற்றதில் 11, மணலின் கடத்துதிறன் (தண்ணீரை எவ்வளவு எளிதாக விடும் என்பதன் அளவு) நாளுக்கு 10 மீட்டர் என்று வையுங்கள்: நாளுக்கு 200 கன மீட்டர், அதாவது இரண்டு லட்சம் லிட்டர் நகரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் நான்கு, மேலே கீழே ஒவ்வொன்று என ஆறு அண்டைக் கட்டங்கள். மழை, ஆறு, போர்வெல் எல்லாம் சேர்த்து வரவும் செலவும் ஒத்துப்போகும்வரை எல்லா நீர்மட்டங்களையும் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே போகும்.

உண்மையான தலைவலி கடத்துதிறன்தான். களிமண்ணுக்கும் சரளைக்கும் பல லட்சம் மடங்கு வித்தியாசம், அதைச் சில கிணறுகளை வைத்து ஊகிக்கிறோம். கண்காணிப்புக் கிணற்று அளவுகளோடு ஒத்துப்பார்க்காத மாதிரியின் வண்ணப்படத்தை நான் நம்புவதில்லை. அப்புறம், பழைய பதிப்புகளில் நீர்மட்டம் தன் அடிப்பகுதிக்குக் கீழே இறங்கிய கட்டம் 'வறண்டது' என்று கணக்கிலிருந்தே விலகிவிடும். அதில் உங்கள் போர்வெல் இருந்தால் பம்பிங்கும் நின்றுவிடும், எனவே மோட்ஃப்ளோ தரும் நீர் வரவு செலவுப் பட்டியலைப் பாருங்கள். புதிதாகத் தொடங்கினால் மோட்ஃப்ளோ 6 போதும், இலவசம்தான்.