படகுக்காகச் சேமநிதியை எடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் ஊத்தான் மெலிந்தாங்கில் வசிக்கிறோம். என் கணவர் 34 ஆண்டுகள் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்; இப்போது அவருக்கு 61 வயது. ஓய்வுக்குப் பின் அவரும் என் தம்பியும் ஆளுக்குப் பாதிப் பணம் போட்டு ஒரு ஃபைபர் படகு வாங்கி, தூண்டில் போட வருபவர்களை வார இறுதிகளில் பெர்ணம் ஆற்று முகத்துவாரம் வரை அழைத்துச் சென்றார்கள். படகு தம்பியின் பெயரில் இருக்கிறது. பத்து நாள்களுக்கு முன் விடியற்காலையில் அடித்த புயற்காற்றில் படகு துறையிலிருந்து பிய்த்துக்கொண்டு போய்ப் பாக்காவ் எனும் அலையாத்தி மரங்களுக்கு இடையே சேற்றில் சாய்ந்துவிட்டது. பக்கவாட்டில் பிளவு; எஞ்சினுக்குள் உப்புத் தண்ணீர். வீட்டுக் கூரையிலும் தகரங்கள் பறந்துவிட்டன. அதைச் சரிசெய்ய 3,800 வெள்ளி (ரிங்கிட்) ஆகுமாம். படகைப் பழுதுபார்க்க 14,500 வெள்ளி கேட்கிறார்கள், பாதியை முன்பணமாக. புதுப் படகு 38,000 வெள்ளி. கணவரின் ஊழியர் சேமநிதியில் 86,000 வெள்ளி இருக்கிறது. அதை எடுத்துப் புதுப் படகு வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். இதற்கிடையே, இழப்பீடு வாங்கித் தருவதாக ஒருவர் வந்து, கிடைப்பதில் 30 விழுக்காடு தனக்கு வேண்டும் என்று வெற்றுப் பாரத்தில் கையெழுத்துக் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: அம்மா, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் இரண்டு விஷயங்களை மட்டும் சொன்னேன்: அந்தப் பாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், எஞ்சினை இன்றே மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். மற்றவற்றை ஆறுதலாக யோசிக்கலாம் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எஞ்சினை அவசரப்படுத்தியதற்குக் காரணம் உண்டு. உப்பு நீரில் மூழ்கிய எஞ்சின் தண்ணீருக்குள் இருக்கும்போது கெடுவதைவிட, வெளியே எடுத்துக் காற்றுப்படும்படி சும்மா வைத்திருக்கும்போதுதான் வேகமாக அரிக்கும். நல்ல தண்ணீரால் முழுவதும் கழுவி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி உள்ளே தேங்கிய நீரை வெளியேற்றி, எண்ணெய் விட்டுச் சுற்றிவிட வேண்டும். இதைச் சில மணி நேரத்திற்குள் செய்திருந்தால் நல்லது. பத்து நாள் கழிந்துவிட்டாலும் செய்யாமல் விடுவதைவிடச் செய்வதே மேல். படகுக் காப்புறுதியில், சேதம் மேலும் பெருகாமல் தடுக்க உரிமையாளர் நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. அதற்கு ஆன செலவின் ரசீது பின்னர் உங்களுக்குச் சாட்சியாக நிற்கும். நீங்கள் அனுப்பிய படத்தில், அறுந்த கயிற்றின் ஒரு முனை இன்னும் துறையின் மரக்கட்டையில் முடிச்சோடு தொங்குகிறது. அதை யாரும் அவிழ்த்து எறிந்துவிட வேண்டாம். படகு ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது என்பதை உங்கள் வாய்ச்சொல்லைவிட அந்த முடிச்சு உறுதியாகச் சொல்லும். படகை நகர்த்துவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, காவல் நிலையத்தில் புகார் செய்து, பெங்ஹுலுவிடமும் (வட்டாரத் தலைவர்) தெரிவித்து வையுங்கள். பேரிடர் உதவித்தொகை ஏதும் அறிவிக்கப்பட்டால் அந்தப் பதிவு உதவும். 2021 டிசம்பர் வெள்ளத்தின்போது பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசாங்கம் 1,000 ரிங்கிட் வழங்கியது.

இப்போது அந்த 30 விழுக்காட்டுக்காரர். காப்புறுதி நிறுவனம் சேதத்தைப் பார்வையிட அனுப்பும் இழப்பு மதிப்பீட்டாளருக்கு அந்த நிறுவனமே கட்டணம் தருகிறது. நீங்கள் ஒரு காசும் தர வேண்டியதில்லை. வெற்றுப் பாரத்தில் கையெழுத்துப் போட்டால் எந்தத் தொகைக்கு, எந்தக் கணக்குக்கு, யார் பெயரில் என்பதையெல்லாம் பிறர் நிரப்பிக்கொள்வார்கள். பெரும் புயலுக்குப் பிறகு இத்தகையவர்கள் வாசலுக்கு வருவது நம் நாட்டில் மட்டும் நடப்பதில்லை. 2022 செப்டம்பர் 28 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கரை ஏறிய இயன் சூறாவளி, மீன்பிடிப் படகுகளையும் உல்லாசப் படகுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கிப் போட்டது. வீடு பழுதுபார்க்க வருபவரிடம் இழப்பீட்டு உரிமையையே எழுதிக் கொடுத்துவிடும் வழக்கத்தால் வழக்குகள் பெருகி, பிரிமியமும் ஏறிக்கொண்டிருந்த அந்த மாநிலத்தில், அதே ஆண்டு டிசம்பரில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2023 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் வீட்டுக் காப்புறுதிப் பத்திரங்களில் அப்படி எழுதிக் கொடுப்பது செல்லாது. சட்டம் போட்டே தடுக்க வேண்டிய அளவுக்குப் பெரிதான தொல்லையை நாமாக வீட்டுக்குள் அழைக்க வேண்டாம்.

அடுத்து, வீட்டின் காப்புறுதிப் பத்திரத்தைத் தேடி எடுங்கள். வீட்டுக் கடன் மூன்று ஆண்டுகளுக்கு முன் முடிந்துவிட்டது என்று தொலைபேசியில் சொன்னீர்கள். அதனால் முதலில் பார்க்க வேண்டியது தேதியை. வங்கியின் வழி எடுத்த காப்புறுதி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. கடன் முடிந்தபின் யாரும் புதுப்பிக்காமல் விட்டிருக்கலாம், பல குடும்பங்களில் நான் கண்டது இதுதான். பத்திரம் நடப்பில் இருந்தால், அது வெறும் தீக் காப்புறுதியா, ‘ஹவுஸ்ஓனர்’ வகையா என்று பாருங்கள். முன்னது தீ, மின்னல், வெடிப்பு ஆகியவற்றோடு நின்றுவிடும். தனியாகச் சேர்த்திருந்தால்தான் காற்றும் வெள்ளமும் அதில் அடங்கும். பின்னதில் சூறாவளி, புயற்காற்று, வெள்ளம் ஆகியவை தொடக்கத்திலேயே உண்டு. நமக்கேது சூறாவளி என்று நினைக்க வேண்டாம். 2001 டிசம்பர் 27 அன்று ‘வாமெய்’ புயல் ஜொகூரின் தென்கிழக்கில் கரை ஏறியது. உங்கள் கரைக்கு அவ்வளவு பெரியது வராவிட்டாலும், ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமாத்ராவிலிருந்து விடியற்காலையில் வீசும் புயற்காற்று கூரையைக் கழற்றப் போதுமானது.

ஹவுஸ்ஓனர் பத்திரத்தில் காற்றுச் சேதத்திற்கு நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு, காப்புறுதித் தொகையில் 1 விழுக்காடு அல்லது 200 ரிங்கிட், இவற்றில் எது குறைவோ அது. ஆனால் காப்புறுதித் தொகை பழையதாக இருந்தால் இழப்பீடு சுருங்கும். வீட்டைத் திரும்பக் கட்ட 160,000 ரிங்கிட் ஆகும் என்றும், பத்திரத்தில் 80,000 ரிங்கிட் மட்டுமே எழுதியிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது 3,800 ரிங்கிட் சேதத்தில் பாதியான 1,900 ரிங்கிட்தான் கணக்கில் வரும். அதில் 200 கழித்து 1,700 ரிங்கிட் கைக்குக் கிடைக்கும். நிறுவனம் மறுத்தாலோ குறைத்தாலோ, இறுதி முடிவுக் கடிதத்தைப் பெற்றுக்கொண்டு, 2025 ஜனவரியில் தொடங்கிய நிதிச் சந்தை குறைதீர்ப்புச் சேவையிடம் கட்டணமின்றி முறையிடலாம். கடிதம் வந்தபின் தாமதிக்காதீர்கள்.

படகின் காப்புறுதிப் பத்திரம் தம்பியிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். சிறு படகுகளுக்கான பத்திரங்கள் பெரும்பாலும் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே என்று எழுதப்படுகின்றன. கட்டணம் வாங்கி ஆட்களை ஏற்றியதை நிறுவனத்திடம் முன்பே தெரிவிக்கவில்லை என்றால், இழப்பீடு மறுக்கப்பட வாய்ப்புண்டு. மனம் கசந்தாலும் உண்மையையே எழுதுங்கள். பொய்யாக நிரப்பிய கோரிக்கை முழு இழப்பீட்டையும் இழக்கச் செய்வதோடு, குற்றச்சாட்டையும் கொண்டுவரும்.

இனி உங்கள் முதன்மைக் கேள்விக்கு வருகிறேன். மாதத்திற்குச் சராசரியாக ஐந்து பயணம், ஒரு பயணத்திற்கு 250 ரிங்கிட், எண்ணெய்க்கும் இரைக்கும் 110 ரிங்கிட் என்று கணக்குக் கொடுத்தீர்கள். மிஞ்சுவது 700 ரிங்கிட்; பாதி தம்பிக்குப் போக, உங்களுக்கு 350. பழுதுபார்க்கும் செலவில் உங்கள் பாதி 7,250 ரிங்கிட். அது திரும்பிவர ஏறத்தாழ 21 மாதம் ஆகும், ஒரு மழைக்கால வாரமும் வீணாகாமல் இருந்தால். புதுப் படகை நீங்கள் மட்டும் வாங்கி, 700 ரிங்கிட் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் 54 மாதம். அதற்குள் உங்கள் கணவருக்கு 65 வயது தாண்டிவிடும். இடையில் இன்னொரு காற்று அடிக்காது என்று யாரால் சொல்ல முடியும்?

அதே 38,000 ரிங்கிட் சேமநிதியிலேயே இருந்து, ஆண்டுக்கு 5 விழுக்காடு ஈவு கிடைப்பதாக வைத்துக்கொண்டால், பத்து ஆண்டில் ஏறத்தாழ 61,900 ரிங்கிட் ஆகும். ஐந்து விழுக்காடு என்பது என் அனுமானம்தான், 2024-க்கு 6.30 விழுக்காடு கொடுத்தார்கள், மரபு முறை (ஷரியா முறை அல்லாத) சேமிப்புக்குச் சட்டம் உறுதியளிப்பது 2.5 விழுக்காடு. 100 வயது வரை அந்தப் பணத்துக்கு ஈவு வரும், வேண்டும்போது வேண்டிய அளவை மட்டும் எடுத்துக்கொள்ளவும் முடியும். தோட்டத்தில் 34 ஆண்டு உழைத்ததற்கு ஈடாக உங்கள் இருவரிடமும் இருப்பது இந்த ஒரு தொகைதான். உங்கள் மருத்துவச் செலவுக்கும் அதைத்தான் நம்பியிருக்கிறீர்கள். அதைப் படகில் போடச் சொல்ல என்னால் முடியாது. இப்போதைக்குக் கூரைக்கு 3,800 ரிங்கிட்டும் எஞ்சினைக் கழுவுவதற்கும் படகை மேலே இழுப்பதற்கும் ஆகும் செலவும் சேர்த்து, 5,000 ரிங்கிட்டுக்கு மேல் எடுக்க வேண்டாம். கூரையை முதலில் போடுங்கள். வட்டி முதலைகள் யாராவது கைபேசியில் கடன் தருவதாகச் சொன்னால் பதிலே அனுப்பாதீர்கள்.

படகை என்ன செய்வது என்பதைத் தம்பியோடு உட்கார்ந்து பேசுங்கள். அவருக்கு 43 வயது என்றீர்கள். கடலில் இன்னும் நீண்ட காலம் உழைக்கக் கூடியவர். படகு இப்போது இருக்கும் நிலையில் என்ன விலை போகும் என்று இரண்டு பட்டறைகளில் கேட்டு, அதில் பாதியை உங்கள் பங்காகக் குறித்து, தவணையில் தம்பியே வாங்கிக்கொள்ளட்டும். பழுதுபார்க்கும் முதலுக்கு அவர், சிறு தொழில்களுக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான தெக்குன் நேஷனலில், இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்பூமி கடனுக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் கணவருக்குக் கடலில்லாமல் முடியாது என்றால், பயணத்திற்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொண்டு தம்பியோடு போகட்டும். அது கௌரவக் குறைவல்ல. எந்த ஏற்பாடானாலும், யார் எவ்வளவு போட்டார், இழப்பீடு வந்தால் எப்படிப் பிரிப்பது என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். படகு தம்பியின் பெயரில் இருப்பதால் காசோலையும் அவர் பெயரில்தான் வரும். அதனால் அது வருவதற்கு முன்பே அந்தத் தாளை எழுதிவிடுங்கள்.