உடுக்கையாகிப் போன அட்டைத் தறி

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. லீவில் கூரியர் அட்டையில் நூல் சுற்றி, உல்லன் நூலால் நெய்யக் கற்றுக்கொடுத்தேன். ஆசையாக ஆரம்பித்தாள். பாதி வருவதற்குள் இரண்டு ஓரமும் உள்ளே இழுத்துக்கொண்டு உடுக்கை மாதிரி ஆகிவிட்டது. "எனக்கு வராது" என்று தூக்கிப் போட்டுவிட்டாள். கடையில் கிட் வாங்க விருப்பமில்லை. வீட்டில் இருப்பதை வைத்தே ஒழுங்காக நெய்ய வழி உண்டா? பால் பாக்கெட் கவரில் நெய்யலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: மகளுக்கு வராமல் இல்லை. நூல்தான் சரியில்லை. உல்லன் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதையே பாவாகவும் (நீளவாக்கில் கட்டும் நூல்) ஊடையாகவும் (குறுக்கே ஓட்டி நெய்யும் நூல்) வைத்தால் பெரியவர்கள் நெய்தாலும் உடுக்கைதான் வரும். பாவுக்கு நீளாத நூல் வேண்டும். மெல்லிய சணல் கயிறு போதும். ஊடைக்கு எடுங்கள் பழைய டி-ஷர்ட்டை.

அக்குளுக்குக் கீழே குறுக்காக வெட்டினால் ஒரு குழாய் கிடைக்கும். கீழ் ஓரத்தில் தொடங்கி, 2 செ.மீ. அகலத்தில், துண்டாக்காமல் சுற்றிச் சுற்றி வெட்டிக்கொண்டே போங்கள். ஒரே நீள நாடா வரும். அதை இரண்டு கையாலும் பிடித்து நன்றாக இழுத்தால் ஓரங்கள் சுருண்டு கயிறு போல உருண்டுவிடும். பனியன் துணிக்கு மட்டுமே உள்ள குணம் இது, வேட்டியில் நடக்காது. இழுக்கும் வேலையைக் குழந்தையிடம் விட்டுவிடுங்கள். அதற்காகவே இன்னொரு டி-ஷர்ட் கேட்பாள்.

அட்டை 15 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளம் இருக்கட்டும். உள்ளே இருக்கும் நெளிவரிகள் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பாவின் இழுப்பில் அட்டை மடங்கிவிடும். மேலும் கீழும் 1 செ.மீ. இடைவெளியில் 13 வெட்டு போட்டு, கயிற்றை அட்டையைச் சுற்றியே கட்டுங்கள். வெட்டும் வேலை உங்களுடையது, சுற்றுவது அவளுடையது.

இனி ஓரம். இரண்டு ஓரப் பாவிலும் ஒவ்வொரு ஈர்க்குச்சியைச் சேர்த்து வைத்து, கயிற்றையும் குச்சியையும் ஒன்றாகவே சுற்றி நெய்யச் சொல்லுங்கள். குச்சி நிமிர்ந்து நிற்கும்வரை ஓரம் உள்ளே வராது. முடிந்ததும் உருவிவிடலாம். நாடாவையும் நேராக இழுக்கக் கூடாது. வில் போல வளைத்துப் போட்டு, சீப்பால் கீழே தட்ட வேண்டும். அந்த வளைவில் இருக்கும் உபரி நீளம்தான் ஒவ்வொரு பாவையும் ஏறி இறங்கச் செலவாகிறது. அதைக் கொடுக்காவிட்டால் ஊடை ஓரத்திலிருந்து பிடுங்கிக்கொள்ளும்.

ஊசி தேடி அலைய வேண்டாம், நாடாவின் நுனியில் ஊக்கு குத்தி மூடினால் போதும். இன்னொரு வித்தை: ஒரு ஸ்கேலைப் பாவில் ஒன்று விட்டு ஒன்றாக மேலும் கீழும் நுழைத்து வையுங்கள். செங்குத்தாகத் திருப்பினால் வழி திறக்கும். நாடா ஒரே ஓட்டத்தில் போய்விடும். திரும்பி வரும் வரிசையைக் கையால்தான் பின்ன வேண்டும். ஆனாலும் பாதி வேலை குறையும், அந்த வயதுக்கு அது பெரிய விஷயம்.

ஈரோட்டுக்காரர் நீங்கள், வீட்டில் பவானி ஜமக்காளம் இருக்கும். அதை விரித்து, பாவு எங்கே தெரிகிறது என்று மகளைத் தேடச் சொல்லுங்கள். நெருக்கித் தட்டிய தடிமனான ஊடை அதை மூடியிருக்கும். ஊடையின் நிறத்தை மாற்றினால் பட்டை, அவ்வளவுதான். எந்த டி-ஷர்ட் எத்தனை வரிசை என்பதை அவளே முடிவு செய்யட்டும். நீங்கள் திருத்தப் போகாதீர்கள்.

முடிந்ததும் அட்டையின் பின்பக்கம் நடுவே கயிறுகளை வெட்டி, பக்கத்துப் பக்கத்துக் கயிறாக இறுக்கி முடிச்சுப் போட்டால் குஞ்சத்தோடு டம்ளர் விரிப்பு தயார். ஒரே நாளில் முடிய வேண்டும் என்றில்லை, பாதியில் அலமாரியில் கிடந்தால் கிடக்கட்டும்.

பால் கவரில் நெய்யலாம். சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து வெட்டுங்கள். வழுக்கும் என்பதால் இன்னும் நெருக்கித் தட்ட வேண்டும். சூடான டம்ளருக்கு மட்டும் வேண்டாம், பென்சில் பைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பழைய சிடியில் வட்டமாக நெய்ய ஆசைப்பட்டால் பாவு ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், 15 அல்லது 17. இரட்டைப்படை என்றால் இரண்டாவது சுற்றும் முதல் சுற்றின் மேலேயே ஓடும். செவ்வக அட்டைக்கு அந்தக் கணக்கு தேவையில்லை.