ஜிபிஎஸ் இருக்கும்போது படகில் லாக்புக் (பயணக் குறிப்பேடு) எதற்கு? அதில் என்ன எழுத வேண்டும்?

ஜிபிஎஸ் கைவிடும் நாளுக்காகத்தான். மணிக்கொரு முறையும் திசை மாற்றும்போதும் நேரம், இருப்பிடம், திசைகாட்டியின் பாகை, வேகம், காற்று, காற்றழுத்தம் ஆகியவற்றைக் குறியுங்கள். 10:00 மணிக்கு 090 பாகை, 5 நாட் (மணிக்கு 5 கடல்மைல்) என்று எழுதியிருந்தால், 10:36-க்குத் திரை அணைந்தாலும் ஏறக்குறைய கிழக்கே 3 கடல்மைல் வந்திருப்பது தெரியும். நீரோட்டம் இழுத்ததை மட்டும் கூட்டிக் கழிக்க வேண்டும். காற்றழுத்தம் 3 மணி நேரத்தில் 6 மில்லிபார் இறங்கினால் யோசிக்காமல் கரைக்குத் திரும்புங்கள்.

இன்ஜின் ஓடிய மணியும் டீசல் அளவும் புறப்படும்போது ஒரு தடவை, திரும்பியதும் ஒரு தடவை. மணிக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கு திடீரென ஏறினால் அடிப்பாகத்தில் பாசியோ சிப்பியோ ஒட்டியிருக்கலாம்.

பென்சிலே நல்லது, ஜெல் பேனா எழுத்து ஒரு அலைத் தெறிப்பில் கரைந்துவிடலாம். ஆனால் ரப்பர் வேண்டாம். தப்பின்மேல் ஒற்றைக் கோடு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள்.