நாளுக்கு இரண்டு பிரூவரி போதும்

கேள்வி: வார இறுதியில் நண்பர்கள் இருவர் வெளியூர் போகிறோம். சிறிய அளவில் பீர் காய்ச்சி அங்கேயே பரிமாறும் ஐந்து மைக்ரோபிரூவரிகளைக் குறித்து வைத்திருக்கிறோம். போன தடவை மூன்றாவது இடத்திலேயே எல்லா பீரும் ஒரே கசப்பாகத் தெரிந்தது. என்ன தப்பு செய்தோம்?

பதில்: முதல் இடத்திலேயே ஐ.பி.ஏ. எனும் கசப்பு மிகுந்த பீரில் ஆரம்பித்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. அதில் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு ஒவ்வொரு மிடறுக்கும் நாக்கில் சேர்ந்துகொண்டே போகும். அதற்குப் பிறகு வரும் மென்மையான லாகரோ கோதுமை பீரோ தண்ணீர் மாதிரிதான் இருக்கும். ஐந்தை மூன்றாகக் குறையுங்கள்: சனிக்கிழமை இரண்டு, ஞாயிறு ஒன்று.

எங்கே போனாலும் முழு கிளாஸ் வாங்காமல், பல வகை பீர் சிறு கிளாஸ்களில் வரும் ஃப்ளைட்டைக் கேளுங்கள். லாகர் அல்லது கோதுமை பீர், அடுத்து புளிப்பு வகை, பிறகு ஓரளவு கசக்கும் பேல் ஏல், ஐ.பி.ஏ., கடைசியில் கறுப்பு நிற ஸ்டவுட் என்று போகலாம். ஆல்கஹால் அளவு இந்த வரிசைக்கு ஒத்துவராவிட்டால், குறைந்ததை முதலில் குடியுங்கள். இடையிடையே தண்ணீரும் உப்பில்லாத ரொட்டியும் போதும். காரமான நொறுக்குத்தீனி வேண்டாம். காரமும் கசப்பும் ஒன்றையொன்று ஏற்றிவிடும்.

சின்ன கிளாஸ்தானே என்று ஏமாறாதீர்கள். 120 மி.லி. வீதம் நான்கு கிளாஸ் என்றால் 480 மி.லி. சராசரி 6% ஆல்கஹால் என்று வைத்தாலும் உள்ளே போவது கிட்டத்தட்ட 29 மி.லி. தூய ஆல்கஹால். 5% உள்ள 330 மி.லி. பாட்டிலில் 16.5 மி.லி.தான் இருக்கிறது. அதாவது ஒரு ஃப்ளைட், ஒன்றே முக்கால் பாட்டிலுக்குச் சமம். உடம்பு அதைக் கரைக்க இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் பிடிக்கலாம். இரண்டு இடங்களுக்கு நடுவே ஒரு சாப்பாடும் நல்ல நடையும் இருக்கட்டும். சொந்த வண்டி வேண்டவே வேண்டாம்.

கிளாஸ் கைக்கு வந்ததும் உள்பக்கச் சுவரைப் பாருங்கள். குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸ் சரியாகக் கழுவப்படவில்லை, வேறு கேளுங்கள். ஃப்ரீசரில் வைத்துப் பனிபூத்த கிளாஸும் தேவையில்லை. பனி உருகி பீரில் கலக்கும், குளிரில் மணம் அடங்கிவிடும். ஸ்டவுட் 10 முதல் 13 டிகிரியில்தான் வாய் திறக்கும். ரொம்பக் குளிர்ந்து வந்தால் உள்ளங்கையில் ஏந்தி ஐந்து நிமிடம் பொறுங்கள். காப்பி, சாக்லேட் மணம் தானே மேலே வரும்.

எல்லாக் குறையும் 'அந்த பீரின் குணம்' இல்லை. வேகவைத்த சோள மணம், கொதிக்கும்போது ஆவியாகப் போயிருக்க வேண்டிய கந்தகச் சேர்மம் தங்கிவிட்டதைக் காட்டும். பச்சை ஆப்பிள் மணம் என்றால் பெரும்பாலும் ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன்பே பீரை எடுத்துவிட்டார்கள். நனைந்த அட்டை வாடை ஆக்ஸிஜன் பட்டதன் விளைவு. வெண்ணெய் மணம் மட்டும் கொஞ்சம் குழப்பும்: நொதித்தல் சரியாக முடியாமலும் இருக்கலாம், பீர் வரும் குழாய் அழுக்காகவும் இருக்கலாம். ஒரே குழாயில் மட்டுமல்லாமல் இரண்டு மூன்றில் வெண்ணெயோ வினிகரோ அடித்தால் குழாயைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

காய்ச்சுவதைக் கண்ணால் பார்க்க ஆசை என்றால் வெள்ளிக்கிழமை காலையே போய்ச் சேருங்கள். முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டை 65 முதல் 68 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கும் வேலை பெரும்பாலும் வார நாள் காலையில்தான் நடக்கும். சனி, ஞாயிறு காய்ச்சும் வேலை பெரும்பாலும் இருக்காது. மூடிய ஷூ கட்டாயம். தரை எப்போதும் ஈரம், கழுவும் தண்ணீரில் காஸ்டிக் சோடாவும் இருக்கலாம். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் மில்க் ஸ்டவுட்டைத் தவிருங்கள். அதில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை சேர்க்கிறார்கள்.

வீட்டுக்கு எடுத்துவர கேன்தான் நல்லது. அடியில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள், ஐ.பி.ஏ. என்றால் சில வாரங்களுக்குள் நிரப்பியதாக இருக்கட்டும். குழாயிலிருந்து கிரௌலர் என்ற மூடிய பெரிய கலனில் பிடித்துத் தருவதை ஃப்ரிட்ஜில் வைத்து, திறந்தால் அன்றோ மறுநாளோ முடித்துவிட வேண்டும். ஞாயிறு இரவு வீடு திரும்பி, அதை அடுத்த வார இறுதி வரை வைத்திருக்கும் எண்ணம் இருந்தால் வாங்காதீர்கள்.