ரேஞ்சில் சுட மட்டும் ஒரு சர்ப்ளஸ் பிஸ்டல்: சிஇசட் 82 வாங்கலாமா, சஸ்தாவா எம்57 வாங்கலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: அமெரிக்காவில் இருக்கிறேன், இடுப்பில் வைத்துக்கொள்ளவோ வீட்டுக் காவலுக்கோ வேண்டாம், வார இறுதியில் காகித இலக்கில் சுட ஒரு பழைய ராணுவ பிஸ்டல் வேண்டும். கடையில் செகோஸ்லோவாக்கிய சிஇசட் 82 ஒன்று, யூகோஸ்லாவிய சஸ்தாவா எம்57 ஒன்று இருக்கின்றன. எதை எடுப்பது?

சிஇசட் 82ஐ எடுங்கள். எம்57 மோசமான துப்பாக்கி என்பதால் சொல்லவில்லை. அதன் கட்டுமானம் உறுதியானது, அதற்கென்று ஒரு ரசிகர் கூட்டமே உண்டு. ஆனால் ரேஞ்சில் சுடுவதற்கு மட்டும் என்றால் துப்பாக்கியைவிட அது சுடும் தோட்டாவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். துப்பாக்கிக்கு ஒருமுறை காசு கொடுக்கிறீர்கள், தோட்டாவுக்கு ஒவ்வொரு வாரமும் கொடுக்கிறீர்கள்.

எம்57 சுடுவது 7.62×25 டோக்கரெவ் தோட்டா. சோவியத் டிடி-33 பிஸ்டலை அடிப்படையாக வைத்து செர்பியாவின் கிராகுயெவாட்ஸ் ஆலையில் செய்தது. ஏறக்குறைய 85 கிரெயின், அதாவது 5.5 கிராம் குண்டு, வினாடிக்கு 430 மீட்டருக்கு மேல் போகும். சிஇசட் 82 சுடுவது 9×18 மக்கரோவ். 95 கிரெயின் குண்டு, வினாடிக்கு 300 மீட்டரை ஒட்டி. ஒலியின் வேகம் சுமார் 340 மீட்டர் என்பதால் டோக்கரெவ் குண்டு ஒலியைத் தாண்டிப் போகிறது, மக்கரோவ் தாண்டுவதில்லை. கூரை போட்ட ரேஞ்சில் இந்த வித்தியாசம் உடனே தெரியும். டோக்கரெவின் வெடிச் சத்தம் கூர்மையாகக் காதில் அறையும், குழல் வாயில் தீயும் தெரியும், பக்கத்து லேனில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். காதுக்குள் வைக்கும் அடைப்பான், அதன்மேல் மஃப் என்று இரண்டும் போட்டுக்கொண்டுதான் சுட வேண்டியிருக்கும். திறந்தவெளி ரேஞ்சில் இதே தோட்டா தரும் சந்தோஷமே தனி. குண்டு கிட்டத்தட்ட நேர்கோட்டில் போவதால் 50 கெஜத்துக்கு அப்பால் உள்ள இரும்புத் தகட்டைக்கூட அதிகம் உயர்த்திப் பிடிக்காமல் அடிக்கலாம். உங்கள் ரேஞ்ச் அப்படிப்பட்டது என்றால் என் பதிலைக் கொஞ்சம் தளர்த்திப் படியுங்கள்.

ஒரு காலத்தில் எம்57ஐயும், டிடி-33இன் ருமேனிய வடிவமான டிடிசியையும் மக்கள் வாங்கியதே தகர டின்னில் வந்த பழைய ராணுவத் தோட்டா மலிவாகக் கிடைத்ததால்தான். அந்தச் சரக்கு பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பதிலும் நிறைய பழைய அரிக்கும் பிரைமர் (தோட்டாவைப் பற்றவைக்கும் சிறு கிண்ணம், சுட்டபின் துருப்பிடிக்க வைக்கும் வகை) போட்டவை. மக்கரோவுக்கும் அடி விழுந்தது: 2021 ஆகஸ்டில் அமெரிக்க அரசு அறிவித்த தடையால் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புது இறக்குமதி அனுமதி நின்றுபோனது. இரும்புக் கூடு போட்ட மலிவான தோட்டாக்கள் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தன. இப்போது இரண்டு அளவுக்குமே செர்பியாவின் பிபியூ, செக் நாட்டின் செல்லியே பெல்லோ என்ற தோட்டா நிறுவனங்கள்தான் முக்கியமான கதி. இரண்டும் அரிக்காத பிரைமர், திரும்ப நிரப்பக்கூடிய பித்தளைக் கூடு. வழக்கமான 9 மில்லி தோட்டாவான 9×19ஐவிட இரண்டுமே விலை கூடுதல், டோக்கரெவ் பொதுவாக இன்னும் கூடுதல். துப்பாக்கிக்குப் பணம் கட்டும் முன் உங்கள் ஊர்க் கடையிலும் ஆன்லைனிலும் 50 தோட்டா பெட்டியின் இன்றைய விலையைப் பாருங்கள். மாதம் 200 தோட்டா சுடுவீர்கள் என்று வைத்துக்கொண்டு ஒரு வருடக் கணக்குப் போட்டால் இரண்டு பிஸ்டலுக்கும் இடையே இருக்கும் விலை வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

இன்னொரு விஷயத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். மக்கரோவை "9 மில்லி" என்று சொன்னாலும் குண்டின் விட்டம் சுமார் 9.27 மில்லிமீட்டர். 9×19இன் குண்டு 9.01. பெயரைப் பார்த்து ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வாங்கிவிடாதீர்கள். .380 தோட்டாவும் இதில் சேராது. வீட்டில் தோட்டா நிரப்புபவர்கள் 9×19 கூட்டை 18 மில்லிமீட்டருக்கு வெட்டி மக்கரோவுக்குப் பயன்படுத்துகிறார்கள், குண்டை மட்டும் .364 அல்லது .365 அங்குலத்தில் தேடி வாங்க வேண்டும்.

ரேஞ்சின் காந்தச் சோதனையும் உண்டு. பல உள்ளரங்க ரேஞ்சுகளில் குண்டில் இரும்பு இருக்கிறதா என்று வாசலிலேயே அதன் மூக்கில் காந்தத்தை வைத்துப் பார்ப்பார்கள். பழைய ராணுவத் தோட்டாக்களில் குண்டின் மேலுறை செம்பு பூசிய இரும்பு. உள்ளே வெறும் ஈயம் இருந்தாலும் காந்தம் ஒட்டும், உள்ளே விடமாட்டார்கள். ஆகவே மூட்டையாக வாங்கும் முன் ஒரே ஒரு பெட்டி வாங்கி, சின்னக் காந்தம் ஒன்றை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இனி கையில் பிடித்தால் எப்படி இருக்கும் என்பதற்கு வருவோம். எடையில் இரண்டும் 800, 900 கிராம் வாக்கில்தான். சிஇசட் 82 ப்ளோபேக் முறை. குழல் சட்டத்தோடு அசையாமல் நிற்கும், ஸ்லைடின் (மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதி) எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே அழுத்தத்தைத் தாங்கும். அசையாத குழல் என்பதால் 15 கெஜத்தில் அடிகள் நன்றாகக் கூடி விழும். பின்னுதைப்பு கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், ஆனால் அகலமான கைப்பிடியும் எடையும் அதை அடக்கிவிடும். ஸ்பிரிங் கெட்டியானது, ஸ்லைடை இழுக்கக் கை வலு வேண்டும். முதலில் கட்டைவிரலால் ஹேமரை (பின்னால் தெரியும் சுத்தியல்) பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டு ஸ்லைடை இழுத்தால் பாதி சிரமம் குறையும், ஏனென்றால் ஹேமர் ஸ்பிரிங்கையும் சேர்த்துத் தள்ள வேண்டியதில்லை. மேகசினில் 12 தோட்டா. சேஃப்டி, மேகசின் பட்டன் இரண்டும் இரு பக்கமும் இருப்பதால் இடக்கைக்காரர்களுக்கு இதைவிட்டால் வேறு சர்ப்ளஸ் பிஸ்டல் தேட வேண்டியதே இல்லை. ஹேமர் ஏறியிருக்கும்போது ட்ரிகர் இழுபறி இல்லாமல், லேசான அழுத்தத்திலேயே விடுபடும். இந்த விலைக்கு அப்படி ஒரு ட்ரிகர் கிடைப்பது அபூர்வம். ஹேமரை இறக்கும் லீவர் இதில் கிடையாது. ஆகவே சேம்பரில் (குழலில் தோட்டா அமரும் அறை) தோட்டா இருக்கும்போது ஹேமரை விரலால் இறக்கும் பழக்கமே வேண்டாம். ஹேமர் ஏறியபடியே சேஃப்டி போடலாம், அல்லது தோட்டாவை எடுத்துவிடலாம்.

எம்57 பிரவுனிங் முறையில் குழல் சாய்ந்து பூட்டும் ரகம். உதை தள்ளுவதுபோல வரும், ஸ்லைடை இழுப்பது எளிது. ஆனால் கைப்பிடி கிட்டத்தட்ட செங்குத்து. நேராக நீட்டிப் பிடித்தால் முனை தானாகக் கீழே பார்க்கும், மணிக்கட்டை உயர்த்தப் பழக வேண்டும். முன், பின் குறிகள் மிகச் சின்னவை. வயதான கண்ணுக்குச் சிரமம். டிடி-33இல் 8 தோட்டா, இதில் 9. கைப்பிடி நீளமானது என்பதால் டிடி மேகசினை இதற்கென்று வாங்காதீர்கள், பொருந்தாது. மேகசின் உள்ளே இல்லாவிட்டால் ட்ரிகர் வேலை செய்யாது. அதனால் சுட்டு முடித்தபின் ஹேமரை விழவைக்கக் காலி மேகசினைத் திரும்பச் செருக வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் சேம்பரை விரலால் தொட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். சுட்ட கூடுகள் வெகுதூரம் பறக்கும். கூடு பொறுக்கித் திரும்ப நிரப்பும் எண்ணம் இருந்தால் இது தலைவலி.

எம்57இல் மூலத்தில் கைச் சேஃப்டியே கிடையாது. ஹேமரின் அரைநிலைதான் சேஃப்டி. அமெரிக்க இறக்குமதி விதிக்காகப் பின்னால் ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். அது சில துப்பாக்கிகளில் உறுதியாக நிற்கும், சிலவற்றில் தொளதொளவென்று ஆடும். கடையிலேயே போட்டு எடுத்துப் பாருங்கள். பாதி வழியில் நின்றால் அந்தத் துப்பாக்கியை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.

கடையில் பார்க்கும்போது இரண்டுக்கும் தேட வேண்டியது வேறு வேறு. சிஇசட் 82இன் குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தால் கூரிய வரிகள் தெரியாது, வழவழப்பாக இருக்கும். தேய்ந்துபோனது என்று பலர் வைத்துவிடுகிறார்கள். அது பலகோண ரைஃப்லிங், உள்ளே குரோம் பூச்சு. புதிதாக இருக்கும்போதே அப்படித்தான். வெளியே பூசியிருப்பது சூட்டில் உலர்த்திய கறுப்புப் பெயின்ட். அது உரிந்திருந்தால் அழகு கெடும், சுடுவதற்கு ஒன்றும் ஆகாது. அசிட்டோன், பிரேக் கிளீனர் போன்றவற்றை அதன்மேல் படவிடாதீர்கள், இன்னும் உரியும். எம்57இல் குழலின் உள்ளே புள்ளிபுள்ளியாகத் துரு தின்ற குழிகள் இருக்கிறதா என்று பாருங்கள். அரிக்கும் தோட்டாவைச் சுட்டுக் கழுவாமல் விட்டதன் தழும்பு அது. லேசான மங்கல் பரவாயில்லை, குழி விழுந்திருந்தால் வேண்டாம். இரண்டிலுமே மேகசின் எத்தனை தருகிறார்கள் என்று கேளுங்கள், இரண்டாவது மேகசினைச் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். கலிஃபோர்னியா, நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் 10 தோட்டா வரம்பு உண்டு. சிஇசட் 82இன் 12 தோட்டா மேகசின் அங்கே சிக்கல்.

கிடங்கில் இருந்து வரும் துப்பாக்கி காஸ்மோலின் என்ற கெட்டிக் கிரீஸில் ஊறியிருக்கும். மேலே துடைத்தால் போதாது. ஃபயரிங் பின் ஓடும் துளைக்குள் அது இறுகியிருந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். பின் மெதுவாகப் போய் பிரைமரில் மெல்லிசாகத் தட்டும், தோட்டா வெடிக்காது. அல்லது பின் முன்னே நீட்டியபடியே சிக்கிக்கொள்ளும், ஸ்லைடு மூடும்போதே தோட்டா தானாக வெடிக்கும். இரண்டாவதுதான் ஆபத்து. ஸ்லைடைக் கழற்றி மினரல் ஸ்பிரிட்டில் ஊறவைத்து, அந்தத் துளையையும் எக்ஸ்ட்ராக்டர் (கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) பள்ளத்தையும் நன்றாக அலசி, உலர்த்தி, எண்ணெயை ஒரு சொட்டுக்கு மேல் விடாமல் பூட்டுங்கள். இந்த ஊறல் வேலை எம்57க்குத்தான். சிஇசட் 82இன் ஸ்லைடை ஊறவைக்காமல் பஞ்சுக்குச்சியால் துளையை மட்டும் துடைத்தெடுத்தால் பெயின்ட் பிழைக்கும். மேகசினையும் பிரித்துக் கழுவ மறக்காதீர்கள், ஸ்பிரிங் சுருளுக்குள் நிறைய அப்பியிருக்கும்.

கழற்றுவதில் சிஇசட் 82 எளிது. மேகசினை எடுத்து, சேம்பர் காலியா என்று பார்த்து, ட்ரிகர் கார்டைக் கீழே இழுத்து, ஸ்லைடை முழுக்கப் பின்னால் இழுத்து, பின்பக்கத்தைத் தூக்கி முன்னால் விட்டால் கழன்றுவிடும். எம்57இல் வலப்பக்கம் உள்ள கிளிப்பை மேகசினின் அடித்தகட்டால் பின்னுக்குத் தள்ளி, இடப்பக்கம் ஸ்லைடு ஸ்டாப்பை உருவ வேண்டும். ஹேமர், அதைப் பிடித்து நிறுத்தும் சியர் எல்லாம் ஒரே தொகுதியாகக் கையோடு மேலே வந்துவிடும். சுத்தம் செய்ய அருமையான ஏற்பாடு, இதில் எம்57க்கே என் ஓட்டு.

அரிக்கும் தோட்டா சுட்டால் அன்றே தண்ணீர். அந்தப் பிரைமர் விட்டுச்செல்வது பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஒருவகை உப்பு. காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும். வழக்கமான துப்பாக்கி சால்வென்ட்டில் அது கரையாது, தண்ணீரில்தான் கரையும். குழல், ஸ்லைடு முகப்பு இரண்டிலும் வெந்நீர் ஊற்றி, துடைத்து உலரவிட்டு, அதன்பின் வழக்கமான சுத்தமும் எண்ணெயும். கண்ணாடி துடைக்கும் அமோனியா திரவம்தான் மருந்து என்று சிலர் சொல்வார்கள். அதிலும் வேலை செய்வது தண்ணீர்தான்.

இந்தத் தளத்தில் பலர் எச்1பி விசாவில் இருப்பதால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது, ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவது உட்பட, கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். விதிவிலக்குகளில் நடைமுறையில் உதவுவது அமெரிக்க மாநிலம் ஒன்று தந்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. மாநில விதிகள் தனி, அவற்றையும் பாருங்கள்.

மலிவாகச் சுடுவது ஒன்றே குறி என்றால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: சஸ்தாவா எம்70ஏ. எம்57இன் அதே உடம்பு, 9×19 தோட்டா. கண்ணில் பட்டால் விலை கேளுங்கள். இல்லையென்றால் சிஇசட் 82, கூடவே ஸ்லைடைத் திரும்ப முன்னுக்குத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் புதிதாக ஒன்று. பழைய ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஸ்லைடு சட்டத்தில் முட்டி முட்டி இரும்பு நசுங்கும், கூடுகளும் வழக்கத்தைவிடத் தூரம் போய் விழும். முதல் நாள் ரேஞ்சில் முதலில் ஒரே ஒரு தோட்டா, பிறகு மேகசினில் இரண்டு மட்டும். ஒரு அழுத்தலுக்கு இரண்டும் வெடித்தால் அங்கேயே நிறுத்தித் துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் கொண்டுபோங்கள். ஒவ்வொன்றாக வந்தால் மேகசினை நிரப்பிக்கொள்ளலாம்.